சைலன்சருக்கு செரமிக் கோட்டிங்: நம்ம பக்கத்துக் கடையில் கொடுக்கலாமா?

நோர்வூட்_பல்சர் | மார்ச் 20

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012 பல்சர் 150. நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்குத் தினமும் போய் வருகிறேன். மாதத்தில் இரண்டு தடவை வட்டவளை வழியாக நாவலப்பிட்டிக்கும் போக வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் பைக் காய்கிற நாளே கிடையாது. சைலன்சரின் முன் குழாய் முழுக்கக் கறள் பிடித்துவிட்டது, கம்பி பிரஷ் போட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. மூன்று வருடமாக ஒவ்வொரு சித்திரைக்கும் சூடு தாங்கும் கறுப்பு ஸ்ப்ரே ஒரு டின் வாங்கி அடிக்கிறேன். ஆடி பிறக்கும்போது திரும்பவும் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

டவுனில் ஒரு பெயின்ட் கடைக்காரர் "செரமிக் கோட்டிங் அடித்துத் தருகிறேன், ஐந்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்கிறார். கூலியோடு 9,000 ரூபா. புதிய ஒறிஜினல் சைலன்சருக்கு விசாரித்த விலையைக் கேட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எந்தப் பார்ட்ஸையும் யோசிக்காமல் வாங்க முடிகிறதா என்ன?

மே மாதம் மழை பிடிப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? கொடுக்கலாமா, வேண்டாமா?

பதுளை_ஆர்எக்ஸ் | மார்ச் 20

தம்பி, ஒன்றை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். செரமிக் கோட்டிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. கார் கழுவுகிற இடங்களில் பெயின்டின் மேல் துணியால் தேய்க்கிற திரவத்தையும் செரமிக் என்றுதான் சொல்கிறார்கள். அது மினுமினுப்புக்கும் தண்ணீர் ஒட்டாமல் வழிவதற்கும். சைலன்சர் சூட்டுக்கு அது ஆகாது. உங்கள் கடைக்காரர் எதைச் சொல்கிறார் என்று கேட்டீர்களா? டின்னையோ போத்தலையோ கண்ணால் பார்த்தீர்களா?

என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் குழாய்க்கு 2019ல் செய்தேன். இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. செய்தவர் இப்போது வெளிநாட்டில்.

கொட்டகலை_கராஜ் | மார்ச் 21

கோட்டிங்கைப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் குழாய் கோட்டிங் அடிக்கிற நிலையில் இருக்கிறதா?

ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சைலன்சரின் அடிப்பக்கத்தை முனையிலிருந்து முனைவரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீர் என்று கேட்கும். அரித்த தகடு பொத்தென்று கேட்கும், கையில் ஈரப்பலகையைத் தட்டின மாதிரி. அப்படி இரண்டு இடத்துக்கு மேல் இருந்தால் காசைச் செலவழிக்காதே.

நம்ம ஊரில் சைலன்சர் கெடுவது பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் தம்பி. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. முப்பத்தைந்து வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், இதைச் சொன்னால் இன்னும் பாதிப்பேர் நம்புவதில்லை. சைலன்சர் நன்றாகச் சூடானால் ஆவி ஆவியாகவே போய்விடும். ஸ்டார்ட் பண்ணி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, இரண்டு கிலோமீற்றரில் திரும்பி வந்து நிறுத்தினால்? நானுஓயாக் குளிரில் அந்த ஆவி முழுக்க உள்ளேயே தண்ணீராகித் தேங்கி நிற்கும். அதில் புகையின் புளிப்பும் சேர்ந்துகொள்ளும். வெளியே தங்கத்தைப் பூசினாலும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் சைலன்சரின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டை இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பார். ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் கரியும் சேறும் கலந்த தண்ணீர் வரும்.

நோர்வூட்_பல்சர் | மார்ச் 21

அண்ணே, தட்டிப் பார்த்தேன். பின்பக்கம் அடிமூலையில் ஒரே ஓர் இடம்தான் பொத்தென்கிறது, ஐந்து ரூபாக் காசு அளவு. ஓட்டையைச் சைக்கிள் ஸ்போக்கால் குத்தினேன். அரைக் கோப்பைக்கு மேல் கறுப்புத் தண்ணீர் வந்தது! இவ்வளவு நாள் இதையும் சுமந்துகொண்டா போய் வந்தேன்?

கொட்டகலை_கராஜ் | மார்ச் 21

அந்த ஓர் இடத்தை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்ட் பண்ணு. அதைக் கோட்டிங்குக்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் வெல்ட் பண்ணினால் சுற்றியிருக்கும் பூச்சு போய்விடும்.

கண்டி_பிளாஸ்ட் | மார்ச் 22

இரும்புக்குப் பூச்சு அடிப்பதுதான் என் தொழில், பதினோரு வருடமாகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூச்சின் பெயரைக் கேட்டு எந்தக் கடையையும் முடிவு பண்ண முடியாது. அடிப்பதற்கு முன் என்ன செய்வீர்கள், அடித்த பிறகு எப்படி இறுக்குவீர்கள்? இந்த இரண்டுக்கும் சரியான பதில் வந்தால் மட்டும் குழாயைக் கழற்றுங்கள்.

ஜெட் விமான இஞ்சினுக்குள் பூசுகிறார்களே, அது யட்ரியம் சேர்த்த சிர்கோனியா. பிளாஸ்மாச் சுடரில் உருக்கித் தெளிப்பது. (அந்தச் சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கோன் மணல் நம்ம புல்மோட்டைக் கடற்கரையில் கிடைப்பதுதான் என்று நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோசம்.) அது நம் பைக்குக்கு வருகிற வேலை இல்லை. பைக்குக்கு அடிப்பது ஸ்ப்ரே கன்னால் மெல்லியதாக அடிக்கிற வகை. செராகோட் மாதிரி நல்ல கம்பனியின் உயர்வெப்ப வகைகள் 980 பாகை செல்சியஸ்வரை தாங்கும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். அதில் காற்றிலேயே சில நாளில் இறுகுவதும் உண்டு, ஓவனில் சுட வேண்டியதும் உண்டு. அதற்கும் கீழே, டின்னில் வரும் சிலிக்கோன் பிசின் வகை. பல கடைகளில் செரமிக் என்று அடிப்பது இதைத்தான். அதுவும் மோசமில்லை, முறையாகச் சுட்டால்.

அந்த "முறையாக" என்பதுதான் விசயம். சிலிக்கோன் பிசின் ஈரம் காய்ந்ததும் பெயின்ட் மாதிரித்தான் இருக்கும். நகத்தால் கீறினால் வரும், பெற்றோல் பட்டால் கரையும். சூடேற ஏறத்தான் அதிலிருக்கும் கரிமப் பகுதி போய், சிலிக்கா வலை ஒன்று மிஞ்சி, இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. டின்னின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் மூன்று படியாகச் சொல்லியிருப்பார்கள்: 120 பாகை அளவில் அரை மணித்தியாலம், ஆறவிட்டு 200 பாகை அளவில் அரை மணித்தியாலம், திரும்ப ஆறவிட்டு 340 பாகை அளவில் அரை மணித்தியாலம். "பைக்கில் பூட்டி ஓட்டுங்கள், இஞ்சின் சூட்டில் தானாக இறுகிவிடும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு முழம் இறுகும், உண்மைதான். சைலன்சரின் வால்பக்கம் அந்தச் சூட்டை ஒருநாளும் பார்க்காது. அங்கே பூச்சு கடைசிவரை இறுகாமல் பச்சையாகவே இருக்கும்.

இனி முன்வேலை. முதலில் குழாயைக் காலியாகச் சூடாக்கி உள்ளே ஊறிய எண்ணெயை எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுடும்போது அது கசிந்து வந்து பூச்சின் மேலேயே வழியும். பிறகு வாய்கள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணல் மாதிரித் துகளை அடித்துச் சுரண்டுவது. பழைய பெயின்ட், கறள், மினுமினுப்பு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. முடிந்ததும் இரும்பு வெளிறிய சாம்பல் நிறத்தில், தடவினால் நைஸ் எமரி பேப்பர் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் தடவக் கூடாது. கை வியர்வை பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. கையுறை போட்டுத்தான் தூக்குவோம்.

மலைநாட்டுக்கு மட்டும் ஒரு கவனம் இருக்கிறது. பிளாஸ்ட் பண்ணிய வெறும் இரும்பு நுவரெலியா மாதிரி மூடுபனி இறங்குகிற ஊரில் சில மணித்தியாலத்துக்குள்ளேயே மஞ்சள் பூத்துவிடும். காலையில் பிளாஸ்ட் பண்ணினால் பின்னேரத்துக்குள் அடித்தாக வேண்டும். "இன்றைக்கு பிளாஸ்ட் பண்ணிவைக்கிறேன், திங்கட்கிழமை அடிக்கிறேன்" என்று ஒரு கடை சொன்னால் வேறு கடை பாருங்கள்.

தடிப்பாக அடித்தால் நல்லது என்று நினைப்பதும் தப்பு. நல்ல பூச்சு 25 மைக்ரோன் அளவுதான் இருக்கும், தலைமுடித் தடிப்பில் பாதிகூட இல்லை. அறுபது சென்ரிமீற்றர் இரும்புக் குழாய் 400 பாகை சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீளும், ஆறினால் திரும்பச் சுருங்கும். மெல்லிய பூச்சு கூடவே நீண்டு கொடுக்கும். தடித்த பூச்சு வெடிக்கும்.

பவுடர் கோட்டிங் வேண்டாம். சாதாரண பவுடரைச் சுடுவதே 200 பாகைக்குள்தான். முன்குழாயில் அது கருகிவிடும்.

ஸ்டோர்_ஒபிசர் | மார்ச் 22

அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். நான் வேலை செய்கிற தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் இரவு பகலாக ஓடுகிறது. அதில் வைத்துச் சுட முடியாதா? எங்கள் பையன்கள் கேட்கிறார்கள்.

கண்டி_பிளாஸ்ட் | மார்ச் 22

முடியாது சேர். தேயிலை டிரையருக்குள் போகும் காற்று நூறு பாகைக்குப் பக்கத்தில்தானே. முதல் படிக்கே காணாது. அதைவிட முக்கியம், பூச்சு சுடும்போது வரும் ஆவி கொழுந்தில் ஏறினால் அந்தத் தேயிலையை யார் குடிப்பது? பேக்கரிப் போறணையில் வைக்கலாமா என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுச் சாமான் வேகிற எதிலும் வைக்கக் கூடாது. ஓவன் இந்த வேலைக்கென்றே தனியாக இருக்க வேண்டும்.

பண்டாரவளை_எஃப்இசட் | மார்ச் 24

என்னுடையது எஃப்ஐ மொடல் (கார்பரேட்டர் இல்லாமல் பெற்றோலைத் தெளித்துக் கொடுக்கும் வகை). குழாயில் ஒக்சிஜன் சென்சர் இருக்கிறது, உள்ளே புகையைச் சுத்தப்படுத்தும் கெடலிட்டிக் கொன்வெர்டரும் இருக்கிறது. இதற்கும் செய்யலாமா?

கண்டி_பிளாஸ்ட் | மார்ச் 24

செய்யலாம். சென்சரைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் மரைக்குள் பழைய போல்ட் ஒன்றை முறுக்கி மூடிக் கொடுங்கள். மரையில் பூச்சு பட்டால் சென்சர் ஏறாது. பிளாஸ்டிங் பண்ணிய மணல் ஒரு பிடி உள்ளே போனாலும் கெடலிட்டிக்கின் கண்ணறைகள் அடைபடும், ஆகவே இரண்டு வாயையும் நீங்களே அடைத்துக் கொடுப்பது நல்லது.

கொட்டகலை_கராஜ் | மார்ச் 24

பல்சருக்கும் அதே கதைதான். முன்குழாயில் எக்ஸோஸ்டெக் என்று ஒரு சின்னக் குடம் தொங்குகிறதே, அதற்குள் மணல் போனால் இலேசில் வெளியே வராது. ஓடும்போது சலங்கை மாதிரிக் கேட்கும்.

நோர்வூட்_பல்சர் | ஏப்ரல் 11

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது! புத்தாண்டுக்குக் கடை பூட்டினால் ஒரு வாரம் திறக்க மாட்டார்கள் என்பதால் டவுன் கடையிலேயே கொடுத்துவிட்டேன். நேற்றுக் காலையில் கொடுத்தேன், பின்னேரம் நான்கு மணிக்குக் கையில் கிடைத்தது. மட்டான கறுப்பு, கரிக்கட்டை மாதிரி அழகாக இருக்கிறது. அம்மாகூட "புதுசா வாங்கினியா" என்று கேட்டார்.

பதுளை_ஆர்எக்ஸ் | ஏப்ரல் 11

காலையில் கொடுத்துப் பின்னேரம் நான்கு மணிக்கா? எதில் வைத்துச் சுட்டார்கள் தம்பி?

நோர்வூட்_பல்சர் | ஏப்ரல் 12

அண்ணே, ஓவன் இப்போதைக்கு வேலை செய்யவில்லையாம். மெதுவாக ஓட்டி இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிளாஸ்டிங் நடந்ததை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் அம்மாவோடு புத்தாண்டுச் சாமான் வாங்கக் கடைவீதியில் இருந்தேன். செய்ததாகத்தான் சொன்னார்கள்.

கண்டி_பிளாஸ்ட் | ஏப்ரல் 12

வால்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், பெற்றோல் நனைத்த துணியால் மூன்று தடவை துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது இன்னும் பச்சை. இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள், சூட்டில் பெற்றோல் துணியைக் கொண்டுபோகவே கூடாது.

நோர்வூட்_பல்சர் | ஏப்ரல் 12

துணி கறுத்துவிட்டது.

நோர்வூட்_பல்சர் | மே 17

மூன்று நாளாக எழுத மனமில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நாவலப்பிட்டியிலிருந்து திரும்பி வரும்போது கினிகத்தேனைக்கு மேலே மழை பிடித்தது. வட்டவளை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வருடத்துக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற இடம். ஏற்றம் முழுக்க இரண்டாம் கியரில் வந்ததால் குழாய் நல்ல சூடு. ரோட்டைக் குறுக்கறுத்து ஓடிய தண்ணீரில் இறங்கியதும் சுர்ரென்று ஒரு சத்தமும் ஆவியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்குழாய் வளைவில், உள்ளங்கை அளவுக்குப் பூச்சு கொப்பளித்து நிற்கிறது.

பைக் ஆறின பிறகு கட்டைவிரல் நகத்தை அதன் ஓரத்தில் வைத்தேன். அழுத்தவேயில்லை. பாம்புச் சட்டை மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம் வழவழவென்று இருந்தது. அதற்கு அடியில் குழாயில் இருந்தது நான் போன சித்திரைக்கு அடித்த அதே கறுப்பு ஸ்ப்ரே. என் பிரஷ் மயிர் ஒன்று அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, அதுகூட அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிங் நடக்கவேயில்லை. பழைய பெயின்ட் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

9,000 ரூபா. எனக்கு அது சின்னக் காசில்லை.

கொட்டகலை_கராஜ் | மே 17

மனசை விடாதே தம்பி. அந்தத் துண்டை ஒரு பொலித்தீன் பையில் போட்டுப் பத்திரமாக வை. பில் இருக்கிறதா? இரண்டையும் எடுத்துக்கொண்டு, கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போ. சத்தம் போடாதே. துண்டைத் திருப்பிக் காட்டி, "அண்ணே, இதில் பிளாஸ்ட் பண்ணிய அடையாளம் எங்கே" என்று மட்டும் கேள். வேலை தெரிந்தவனுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

லிந்துலை_அக்கா | மே 18

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். பைக்கைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் தாதி. ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கோட்டிங் அடித்தால் குழாய் சுடாது என்று ஒருவர் நம்பி, சைலன்சர் மேல் இருந்த தகட்டுக் கவசத்தைத் திரும்பப் பூட்டாமல் விட்டுவிட்டார். அவருடைய ஆறு வயது மகள் பின்னாலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் குழாயில் ஒட்டிவிட்டது. வீட்டில் பற்பசை தடவி, துணி சுற்றிக் கொண்டு வந்தார்கள். அந்தப் பற்பசையைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை பட்ட வேதனையை நான் மறக்கவில்லை.

வெளிப்பூச்சு இருந்தாலும் குழாய் தோலைச் சுடும். கவசத்தைக் கட்டாயம் பூட்டுங்கள். சுட்டுவிட்டால் உடனே ஓடுகிற பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கொப்பளம் வந்தால் உடைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

பதுளை_ஆர்எக்ஸ் | மே 18

நன்றி அக்கா. நானும் கவசத்தைக் கழற்றித்தான் வைத்திருந்தேன், பார்வைக்காக. இன்றைக்கே பூட்டுகிறேன்.

நோர்வூட்_பல்சர் | மே 25

கடைக்குப் போனேன். கொட்டகலை அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தாண்டு அவசரத்தில் வேலைப் பையன் கம்பி பிரஷ் மட்டும் போட்டதாக ஒத்துக்கொண்டார். திரும்ப அடித்துத் தருகிறேன் என்றார். ஓவன் திருத்தியாகிவிட்டதா என்று கேட்டேன், இன்னும் இல்லை. அப்படியானால் காசைத் தாருங்கள் என்றேன். 6,000 ரூபா தந்தார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

கம்பளைப் பக்கத்தில் வேறோர் இடத்தை ஒருவர் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலை இயந்திரப் பாகங்களுக்குப் பூச்சு அடிக்கிறவர்கள். 16,000 ரூபா, நான்கு நாள் வேண்டும் என்கிறார்கள். நான்கு நாள் என்று கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கண்டி_பிளாஸ்ட் | மே 25

போங்கள். போகும்போது பிளாஸ்ட் பண்ணுகிற இடத்தையும் எட்டிப் பாருங்கள். ஆற்று மணலில் பிளாஸ்ட் பண்ணினால் அங்கே கொடுக்காதீர்கள், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஆற்று மணலில் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூசியை வருடக்கணக்காக மூச்சில் இழுத்தால் நுரையீரல் இறுகிப்போகும், அதைத் திரும்பச் சரிபண்ண மருந்து கிடையாது. வாயில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு அந்த வேலை செய்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள், பதினெட்டு, பத்தொன்பது வயது. கார்னெட்டோ அலுமினியம் ஒக்சைட்டோ போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுச் செய்கிற இடமாகப் பாருங்கள்.

நோர்வூட்_பல்சர் | ஜூன் 6

போன முறை மாதிரி இல்லை, இந்தத் தடவை நானே பக்கத்தில் நின்றேன். வேலைக்கு ஒருநாள் லீவு போட்டேன்.

கழற்றுவதே பெரிய பாடாகிவிட்டது. சிலிண்டர் வாயில் இருக்கும் இரண்டு நட்டும் கறள் ஏறி, அவை ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டோடு ஒன்றாகிப்போயிருந்தன. கொட்டகலை அண்ணனின் கராஜுக்கே கொண்டு போனேன். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, காலையில் இஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு, கால் திருப்பு முன்னால், கால் திருப்பு பின்னால் என்று அரை மணித்தியாலம் பொறுமையாக எடுத்தார். ஸ்டட் முறிந்திருந்தால் இஞ்சினின் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வந்திருக்கும் என்றார். அடிமூலையை வெட்டித் தகடு வைத்ததும் அவர்தான். வெட்டி எடுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரித் தெரிந்தது.

கம்பளையில் பெட்டிக்குள் வைத்து கார்னெட்டால்தான் அடித்தார்கள். இரண்டு வாய்க்கும் ரப்பர் அடைப்பு, அதற்கு மேல் டேப். கறுப்பும் செம்பும் கலந்து கிடந்த குழாய் ஒரு பக்கத்திலிருந்து சாம்பலாக மாறிக்கொண்டு வந்ததைப் பார்க்க வேண்டும்! வெளியே எடுத்ததும் வளைவில் இரண்டு வெல்டிங் கோடு தெரிந்தது. பதின்மூன்று வருடம் ஓட்டியும் அதை நான் பார்த்ததே இல்லை. ஒருவர் வெள்ளைக் கையுறையோடு கொக்கியில் மாட்டினார், காற்றடித்தார், ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் கோட் ஏறிவிட்டது. ஓவனில் வெப்பமானி வைத்திருக்கிறார்கள், நேரத்தையும் சூட்டையும் ஒரு கொப்பியில் எழுதுகிறார்கள். என் குழாய்க்கு மூன்று வரி எழுதியிருந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் போய் வாங்கினேன். வால்பக்கத்தில் பெற்றோல் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

கொட்டகலை_கராஜ் | ஜூன் 6

வாய்க்குப் பழைய செப்பு கேஸ்கட்டை (புகை கசியாமல் அடைக்கிற வளையம்) திரும்பப் போட்டுவிடாதே. ஒரு தடவை நசுங்கினது அடுத்த தடவை அடைக்காது. புதியது வாங்கினாலும் பெரிய காசில்லை. இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அங்கே காற்றுக் கசிந்தால் படபடவென்று சத்தம் வரும், வருடாந்தப் புகைச் சோதனையிலும் கணக்குப் பிழையாகக் காட்டும்.

பண்டாரவளை_எஃப்இசட் | ஜூன் 8

குழாய்க்கு வெப்ப நாடா சுற்றினால் இந்தச் செலவே தேவையில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறாரே?

கண்டி_பிளாஸ்ட் | ஜூன் 8

காய்ந்த ஊருக்குச் சரி. நம்ம மழையில் அந்த நாடா ஈரச்சாக்கு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புக் குழாய் என்றால் இரண்டு மழைக்காலத்தில் அடியில் அரித்துவிடும், அவிழ்த்துப் பார்க்கும்வரை தெரியவும் தெரியாது.

நோர்வூட்_பல்சர் | ஆகஸ்ட் 30

மழைக்குப் பிறகு எழுதுகிறேன். ஜூனிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். ஒருநாள் ரம்பொடை வழியாகக் கண்டிக்கும் போனேன். நுவரெலியாவிலிருந்து இறங்கி, வளைவுகளில் அருவித் தூவானத்துக்குள்ளே வண்டி நின்று நின்று போனது. சூடு, குளிர், தண்ணீர் எல்லாம் மாறி மாறிப் பட்டது. வீட்டுக்கு வந்து முதலில் தடவிப் பார்த்தது முன்குழாய் வளைவைத்தான். ஒன்றும் ஆகவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் செம்மை தெரிகிறது. சைலன்சரைச் சட்டத்தோடு பிடிக்கிற கிளாம்புக்கு அடியில், நெல்மணி நீளத்துக்கு ஒரு கோடு. பூட்டும்போது கிளாம்ப் உரசியிருக்க வேண்டும். இதற்காகத் திரும்பவும் கம்பளைக்குப் போக வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை பைக் கழுவும்போதெல்லாம் அடி ஓட்டையை ஸ்போக்கால் குத்துகிறேன். முதல் மாதம் கரண்டியளவு தண்ணீர் வந்தது. இப்போது வேலை முடிந்து வரும்போது ஒரு சுற்றுக் கூடுதலாக ஓட்டி, நன்றாகச் சூடாக்கி நிறுத்துகிறேன். போன வாரம் ஸ்போக் ஈரமில்லாமல் வந்தது.

கண்டி_பிளாஸ்ட் | ஆகஸ்ட் 30

தேவையில்லை. கிளாம்பைக் கழற்றி, அந்தக் கோட்டை மட்டும் 120 எமரி பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். நல்ல பூச்சின் ஓரத்தில் ஒரு விரற்கடை சொரசொரப்பாக்கிவிட்டு, தின்னரால் துடைத்துக் காயவிடுங்கள். அதே வகைப் பூச்சைக் கடையில் ஒரு சின்னப் போத்தலில் கேட்டால் தருவார்கள், மெல்லிய பிரஷால் ஒரே தடவை. வெதுப்புக் காற்று அடிக்கிற கன் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் பிடித்துச் சூடாக்கலாம். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் மெல்லிய எவர்சில்வர் தகடு ஒன்று வளைத்து வையுங்கள், உரசாது.

கொட்டகலை_கராஜ் | ஆகஸ்ட் 31

வெதுப்புக் கன் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் வா. தகடும் வெட்டி வைக்கிறேன்.

நோர்வூட்_பல்சர் | ஆகஸ்ட் 31

வருகிறேன் அண்ணே. கவசத்தின் ஒரு திருகும் ஆடுகிறது, அதையும் அன்றைக்கே பார்த்துவிடுவோம்.